ஒரே லாட்

பெட்டியின் நெற்றியில் எரியும் பச்சை விளக்கைப் பார்க்காமல் மோகனப்பிரியா பல் துலக்குவதில்லை. சாமி படத்தைச் சில நாள் மறந்திருக்கிறாள், இதை ஒருநாளும் மறந்ததில்லை. அன்று காலை அந்த விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். ஆரஞ்சுதான். துணியின் நிறத்தைப் பார்த்தே சோறு தின்கிறவள், நிறத்தில் ஏமாற மாட்டாள். ஓட்டமாக ஓடி மகள் அறைக்குப் போய் அவள் மூக்கின் கீழே விரலை வைத்தாள். சூடாகக் காற்று வந்தது. அதன் பிறகுதான் மோகனாவுக்குத் தன் மூச்சு வந்தது. இன்னும் தூங்க வேண்டும் என்று முனகிய ஆதிரையை உலுக்கி எழுப்பி, முகம் கழுவ அனுப்பினாள். காரணம் எதுவும் சொல்லவில்லை.

அந்த வீட்டில் தூக்கம் என்பது மற்ற வீடுகளைப் போல இலவசமாக வருகிற சமாச்சாரம் இல்லை. ஆதிரைக்குச் சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. அந்த வருஷம் ஊரில் பாதிப் பேருக்கு வந்து போன காய்ச்சல்தான். பெரும்பாலோர் கஷாயம் குடித்துவிட்டு எழுந்து வேலைக்குப் போய்விட்டார்கள். சிலரிடம் மட்டும் அது போகிறபோது ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போனது. தூங்கும்போது தானாக மூச்சு விடுகிற பழக்கத்தை அவர்களுடைய உடம்பு மறந்துவிட்டது. விழித்திருக்கும்வரை ஒரு குறையும் கிடையாது. ஓடலாம், பாடலாம், அம்மாவோடு சண்டை போடலாம். கண் அயர்ந்தால் மூச்சு நின்றுவிடும்.

கழுத்துக்குக் கீழே தோலுக்குள் ஒரு சின்னக் கருவியை வைத்தார்கள். மூச்சை இழுக்கச் சொல்லி நரம்பைத் தட்டுவது அதன் வேலை. எப்போது தட்டுவது, எவ்வளவு பலமாகத் தட்டுவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். சளி பிடித்தால் மாறும், கெட்ட கனவு வந்தால் மாறும். கருவி அதை ராத்திரிதோறும் கற்றுக்கொண்டே வந்தது. கற்றதெல்லாம் சேர்ந்து மலையாகிவிட்டதால் அது கருவிக்குள் அடங்கவில்லை. கருவி செய்த கம்பெனியின் கணினிகளில் அது இருந்தது. படுத்ததும் அங்கிருந்து வரும். எல்லோரும் அதைத் தாளம் என்றார்கள்.

பிறகு அந்தக் கம்பெனி கடையைச் சாத்தியது. அவரவர் தாளத்தை அவரவர் வீட்டில் ஒரு சேமிப்புப் பெட்டியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். போகிறபோதுகூட ஒரு பூட்டைப் போட்டுவிட்டுத்தான் போனார்கள். எந்தப் பெட்டியில் இறக்கினோமோ அதிலேதான் தாளம் ஓடும். வேறு இடத்தில் நகல் எடுத்தால் அது வெறும் குப்பை. தொழில் ரகசியமாம். ஆதிரையின் அப்பாவுக்கு இதற்கு மேல் தாங்கவில்லை. தினம் தினம் பயந்து சாக முடியாது என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய்விட்டார்.

திருப்பூரிலும் அவினாசியிலும் பெருந்துறையிலும் இருந்த குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். மோகனாவைச் செயலாளர் ஆக்கினார்கள். பனியன் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவுக்கு அவள்தான் தலைவி, வாய்க்கும் பஞ்சமில்லை. பெட்டிகளையும் டிஸ்குகளையும் எல்லோருக்குமாகச் சேர்த்து வாங்கி, ஒரே நாளில் எல்லா வீட்டிலும் ஓட வைப்பது என்று முடிவாயிற்று. கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த சாகுல் பொறுப்பு எடுத்துக்கொண்டான்.

பெட்டியை அமைத்த நாளில் சாகுல் அவளுக்கு விளக்கியது மறக்கவில்லை. ஒரே டிஸ்கில் வைத்தால் அது போனதும் எல்லாம் போய்விடும், அதனால் நாலு டிஸ்க் என்றான். "மூணு நம்பரை எழுதி வெச்சு, நாலாவதா அதோட கூட்டுத்தொகையை எழுதி வெச்சுக்கறோம்னு நினைச்சுக்கோங்க மேடம். நாலுல எது அழிஞ்சாலும் மீதி மூணை வெச்சு அதைக் கண்டுபிடிச்சிரலாம். செத்ததை எடுத்துட்டுப் புதுசைச் சொருகினா, மீதி மூணும் சேர்ந்து அதுல இருக்க வேண்டியதை எழுதிக் குடுத்துரும்." இரண்டு ஒரே சமயத்தில் போனால் என்று அவள் கேட்டாள். அப்படி நடக்க வாய்ப்பே கம்மி என்று சிரித்தான்.

வாய்ப்பு கம்மிதான், அவள் குறுக்கே போகாமல் இருந்திருந்தால்.

திருப்பூரில் பிறந்த குழந்தைக்கு அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடி தெரிகிற வார்த்தை லாட். ஒரே தொட்டியில் ஒன்றாகச் சாயம் ஏறிய துணி ஒரு லாட். உடம்புக்கு ஒரு லாட், கைக்கு ஒரு லாட் என்று கலந்து தைத்துவிட்டால் கடைக்குள் ஒரே நீலமாகத் தெரியும். வெயிலுக்கு வந்தால் பல்லைக் காட்டும். வெளிநாட்டுக்காரன் கண்டெய்னரோடு திருப்பி அனுப்புவான். அந்தக் கலப்படத்தைக் கண்டுபிடித்து மில்காரனின் சட்டையைப் பிடிப்பதுதான் மோகனாவின் உத்தியோகம். அதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

சாகுல் டிஸ்குகளைக் கொண்டுவந்து இறக்கியபோது அவள் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டியிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்று ஒரு லாட், இன்னொன்று வேறு லாட். அவளுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. கடையில் மிச்சம் மீதி கிடந்ததையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து தலையில் கட்டுகிறான் என்று நினைத்தாள். மாறி மாறி இருப்பதுதான் நல்லது என்று அவன் இழுத்தான். கலந்த லாட்டைக் கொண்டுவருகிறவன் எல்லாம் இதைத்தான் சொல்லுவான் என்று அவள் அறுத்துவிட்டாள். எல்லா வீட்டுக்கும், எல்லா டிஸ்கும், ஒரே லாட்டாக வேண்டும். யாருக்கும் ஏற்றத்தாழ்வு இருக்கக் கூடாது. பெரிய ஆர்டரை விட மனசில்லாமல் சாகுல் எல்லாவற்றையும் திருப்பி எடுத்துப்போய், அவள் கேட்டபடியே கொண்டுவந்தான். சங்கத்தில் அவளைப் பாராட்டிக் கைதட்டினார்கள்.

ஆரஞ்சு எரிந்த அந்தக் காலையில் சாகுல் வந்து பெட்டியைத் திறந்து இரண்டாவது டிஸ்கை உருவினான். செத்துவிட்டது என்றான். பயப்பட ஒன்றுமில்லை, இந்த அளவு டிஸ்க் இப்போது வருவதில்லை என்றாலும் தன்னிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது என்று பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தான். சொருகினால் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். அதுவரைக்கும் பெட்டி அந்த வேலையிலேயே இருக்கும், தாளம் தராது, பாப்பா தூங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். பேசிக்கொண்டே செத்த டிஸ்கின் முதுகைப் பார்த்தான். மற்ற மூன்றையும் குனிந்து பார்த்தான். அதற்கப்புறம் அவன் கை புது டிஸ்கின் பக்கம் போகவில்லை.

என்ன என்று கேட்டாள்.

"மேடம், இது நாலும் ஒரே லாட்."

"நான்தானே கேட்டு வாங்கினேன்."

"ஆமாங்க. அன்னிக்கு எனக்கும் அவ்வளவா தெரியலை. பெரியவங்க லாட்டைக் கலந்து போடுன்னு சொல்லுவாங்க, போடுவேன், அவ்வளவுதான். பின்னாலதான் பட்டுத் தெரிஞ்சுது." அவன் குரலைத் தணித்தான். ஆதிரை கூடத்தில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "ஒரே தொட்டியில வந்த துணி ஒரே மாதிரிதானுங்களே வெளுக்கும்? இதுவும் அப்படித்தான். ஒரே நாள்ல செஞ்சது, ஒரே நாள்ல ஓட ஆரம்பிச்சது, ஒரே சூட்டுல ஒரே வேலை பார்த்தது. ஒண்ணு செத்துருச்சுன்னா மீதி மூணும் அதே வயசுல, அதே வியாதியோட நிக்குது. இப்ப நான் புதுசைச் சொருகுனா, அந்த மூணையும் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே மூச்சா படிக்க வைக்கணும். நோயாளியை ஓட விடற மாதிரி. நடுவுல ஒண்ணு விழுந்துதுன்னா எல்லாமே போச்சு."

சொருகாமல் விட்டால் என்று கேட்டாள். மூன்றை வைத்துக்கொண்டே தாளம் வரும், தூங்கலாம் என்றான். ஒரு மாசம் ஓடலாம், இன்றைக்கே நிற்கவும் நிற்கலாம். அதற்குள் வேறு வழி ஏதாவது தேடலாம், கிடைக்காமலும் போகலாம். இரண்டில் எது நல்லது என்று கேட்டதற்கு, சத்தியமாகத் தெரியாது, பாதிக்குப் பாதி என்றான்.

தாளம் போனால் என்ன ஆகும் என்று மோகனாவுக்கு நன்றாகத் தெரியும். கோயம்புத்தூரில் ஒரே ஒரு ஆஸ்பத்திரியில் இவர்களுக்குப் பொருந்துகிற மிஷின் இருந்தது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து, மாசக்கணக்கில் படுக்கப் போட்டு, புதிதாக ஒரு தாளம் கற்றுக் கொடுக்க வேண்டும். அப்படிப் போனவர்களில் பேச்சோடு திரும்பியவர்கள் குறைவு, திரும்பாதவர்களும் உண்டு. அதுவும் அங்கே போய்ச் சேரும்வரை கண் மூடாமல் இருந்தால்தான்.

அந்த நேரம் பார்த்துப் போனில் சங்கத்தின் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. அவினாசி ஈஸ்வரமூர்த்தி வீட்டுப் பெட்டி. ஆரஞ்சு விளக்கு. கீழே, இது என்னங்க மோகனாக்கா என்று ஒரு வரி.

ஈஸ்வரமூர்த்தியின் மனைவி வசந்தாமணிக்குத்தான் அந்தப் பெட்டி. நூற்பு மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவள். பெட்டி வந்த பிறகுதான் வேலைக்கே போக ஆரம்பித்தாள். காலையில் வீட்டுக்கு வந்து தூங்குவாள். சங்கக் கூட்டத்துக்கு வந்தால் எல்லோரையும் சிரிக்க வைப்பாள். ஆதிரைக்கு அவளைக் கண்டால் கொள்ளைப் பிரியம்.

சாகுலும் அந்தப் படத்தைப் பார்த்தான். மேசை மேல் இருந்த ஒற்றை டிஸ்கைப் பார்த்தான். கோயம்புத்தூரில் சொல்லி வைத்திருக்கிறேன், சாயங்காலம் சில டிஸ்குகள் வரலாம், இப்போதைக்கு இது ஒன்றுதான் என்றான். யாருக்கு என்று கேட்கவில்லை. அவள் வீட்டில் நின்றுகொண்டு எப்படிக் கேட்பான்.

பனியன் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு லாட் துணியை மொத்தமாக வாஷிங்குக்கு அனுப்பும் முன்னால் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி முதலில் துவைத்துப் பார்ப்பார்கள். துண்டு சுருங்கினால் லாட்டே சுருங்கும். உடனே நிறுத்திவிடலாம். ஒரே லாட் என்பதால் ஒரு துண்டு சொல்வது மொத்தத்துக்கும் பொருந்தும். அந்தத் துண்டு போனது போனதுதான். அதற்காக இதுவரை யாரும் வருத்தப்பட்டது கிடையாது.

மோகனா அதை நினைத்தாளா என்று கேட்டால், நினைத்தாள். அரை நொடி நினைத்தாள். உடனே அதன் மேல் வேறொரு நினைப்பை இழுத்துப் போர்த்திவிட்டாள். பாவம் வசந்தாமணி, ராத்திரி முழுக்க நின்றே வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறாள், அவளுக்குத்தான் முதலில் தூக்கம் வேண்டும். நினைக்க நினைக்க அதுதான் நியாயம் என்று பட்டது. தன் பெருந்தன்மையில் அவளுக்கே கண் கலங்கியது. மனுஷ மனசு எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

உள்ளறைக்குப் போய் அவளே போன் போட்டாள். வசந்தாமணிதான் எடுத்தாள். டிஸ்க் ஒன்றுதான் இருக்கிறது, உனக்குக் கொடுத்து அனுப்புகிறேன் என்றதும் அவள் முதலில் கேட்டது, பாப்பா பெட்டிக்கும் இதே கதிதானா என்று.

"அப்படின்னா அதை நீங்களே வெச்சுக்கோங்க அக்கா. எனக்கென்ன, நான் முழிச்சு உட்கார்ந்துக்கறேன். டிவி இருக்குது, இவரு இருக்காரு. சண்டை போட்டுட்டே இருந்தா பொழுது போறதே தெரியாது."

"நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்திருக்கே, எத்தனை நேரம் அப்படி உட்காருவே? சொன்னாக் கேளு. முதல்ல உனக்குப் போடட்டும். சாயங்காலம் நிம்மதியாத் தூங்கு. எங்களுக்கு அவசரமில்லை."

டிஸ்கைப் போடாமல் அப்படியே விட்டாலும் மூன்றை வைத்து இப்போதே படுத்துத் தூங்கலாம் என்பதை மோகனா சொல்லவில்லை. பாதிக்குப் பாதி என்பதையும் சொல்லவில்லை. வசந்தாமணி இன்னும் ஒரு தரம் வேண்டாம் என்றாள், பிறகு அழுதாள். கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்ய மாட்டாள் என்றாள்.

படி இறங்கும்போது சாகுல் நின்று, விஷயத்தை அவர்களிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டான். நான் பேசிக்கொள்கிறேன், நீங்கள் போய் ஏதாவது சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்றாள் மோகனா. அவன் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தான்.

ஆதிரை எல்லாவற்றையும் அரைகுறையாகக் கேட்டிருந்தாள். டிஸ்க் அவினாசிக்குப் போகிறது, தனக்கு அப்புறம்தான் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, நீ செஞ்சதை நான் செஞ்சிருப்பேனான்னு தெரியலைம்மா என்றாள். மோகனா அவள் கையை எடுத்துவிட்டு, படிக்கிற வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தாள். மகளின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. சோறு வைத்தாள், வைத்ததை எடுத்துப் போடவில்லை. பெட்டியின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து வந்த சத்தம் எப்போதும் வருகிற சத்தம்தானா, புதிதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். பெட்டியின் மின்விசிறி கொஞ்சம் உரக்கச் சுற்றினாலும் எழுந்து விளக்கைப் பார்த்தாள். அவினாசியில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று சாகுல் அவ்வப்போது செய்தி அனுப்பினான். கால்வாசி. பிறகு பாதி. ஒவ்வொரு செய்திக்கும் அவள் மனசு இரண்டாகப் பிரிந்து நின்றது. அங்கே நல்லபடியாக முடிய வேண்டும் என்று ஒரு பாதி உண்மையாகவே வேண்டிக்கொண்டது. அப்படி முடிந்தால் சாயங்காலம் நமக்கும் தைரியமாகச் சொருகலாம் என்று இன்னொரு பாதி அடுத்த வேலையைத் திட்டம் போட்டது.

மத்தியானம் வெயில் உச்சிக்கு ஏறியதும் ஆதிரை கொட்டாவி விட்டாள். கொஞ்ச நேரம் படுக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. எத்தனை நாளைக்கு வேண்டாம் என்று சொல்வது. படு கண்ணு என்றாள்.

ஆதிரை படுத்ததும் பெட்டி முனக ஆரம்பித்தது. மூன்று டிஸ்கும் செத்த டிஸ்கின் பங்கையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத் தாளத்தை அனுப்பிக்கொண்டிருந்தன. மோகனா மகளின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். மேலே போனது, கீழே வந்தது. கீழே வந்து நின்ற ஒவ்வொரு தரமும் அடுத்தது வருமா என்று இருந்தது. பயம் அவளுக்குப் பழசுதான், ஆனால் இத்தனை வருஷமாக அது கதவுக்கு வெளியே நின்றது. இன்றைக்கு வீட்டுக்குள் வந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

போன் அதிர்ந்தது. சாகுல்.

"போச்சு மேடம். முக்கால்வாசி தாண்டி நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. திடீர்னு மூணாவது டிஸ்க் டிக்கு டிக்குனு சத்தம் போட்டுச்சு, அவ்வளவுதான். ஒண்ணும் மிச்சமில்லை." அவன் அழுதுகொண்டிருந்தான். அவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்கள் என்றான். நான்தான் சொருகினேன், என் கையாலதான் சொருகினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

மோகனா போனைக் கட் பண்ணினாள். முதல் வேலையாகக் குனிந்து மகளின் வயிற்றைப் பார்த்தாள். மேலே போனது, கீழே வந்தது. துண்டு சுருங்கிவிட்டது. லாட்டை வாஷிங்குக்கு அனுப்பக் கூடாது. அவள் தெரிந்துகொள்ள விரும்பியது தெரிந்துவிட்டது. அந்த எண்ணம் அத்தனை தெளிவாக வந்து நின்றபோது அவளால் மகளின் பக்கத்தில் இருக்க முடியவில்லை. எழுந்து போய்க் குளியலறையில் கையைக் கழுவினாள்.

திரும்பி வந்தபோது குழுவில் வரிசையாகச் செய்திகள் நின்றன. பெருந்துறையில் ஒரு வீட்டில் ஆரஞ்சு. மங்கலத்தில் ஒரு வீட்டில் ஆரஞ்சு. ஈஸ்வரமூர்த்தி ஓடும் வண்டியிலிருந்து எழுதியிருந்தான். தங்களுக்கு இப்படி ஆகிவிட்டது, எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள், மோகனாக்கா தன் மகளுக்கு வைத்திருந்த டிஸ்கையே எங்களுக்குக் கொடுத்தார்கள், எங்கள் நேரம் சரியில்லை, அவர்கள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும். அதன் கீழே எல்லோரும் அவளைக் கும்பிட்டிருந்தார்கள். பெருந்துறைக்காரர் மட்டும் கேட்டிருந்தார், சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து டிஸ்க் வருகிறதாமே, வந்ததும் நாங்கள் சொருகிவிடலாமா.

சொருகலாம் என்று சொன்னால் இன்னொரு வீடு போகும். சொருகாதீர்கள் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் லாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லா வீட்டிலும் அதே லாட்தான் இருக்கிறது, பச்சை விளக்கு எரிகிற வீட்டிலும் இருக்கிறது. அதை வாங்க வைத்தது யார் என்று ஒருவருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. மறைத்துவிட்டு எச்சரிக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று யோசித்தாள். இல்லாமல் இல்லை. ஆனால் ஈஸ்வரமூர்த்தி அவளை வாழ்த்தி எழுதிய வரியைத் தாண்டி அவளால் எதையும் யோசிக்க முடியவில்லை.

போனை வாயருகே வைத்துப் பேசிப் பதிவு செய்தாள். யாரும் புது டிஸ்கைச் சொருக வேண்டாம், ஆரஞ்சு எரிந்தாலும் இருக்கிற மூன்றோடேயே ஓடட்டும் என்றாள். எல்லா டிஸ்கும் ஒரே லாட், அதனால் ஒன்றாகத்தான் போகும், புதுசைச் சொருகி மூன்றையும் ஓட விட்டால் இன்னும் சீக்கிரம் போகும், இதைச் சாகுல் சொன்னார் என்றாள். லாட்டைக் கலக்க விடாமல் செய்தது நான்தான், என்னால்தான் என்றாள். சாகுல் எப்போது சொன்னார் என்று சொல்லவில்லை. அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது ஆதிரை எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

குழுவில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள் என்பது போனில் தெரிந்தது. பிறகு வசந்தாமணியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

எடுத்தாள். வண்டியின் இரைச்சலும் ஹாரன் சத்தமும் கேட்டன. பாலம் கட்டுகிற இடத்தில் வண்டிகள் நகராமல் நிற்பதாக ஈஸ்வரமூர்த்தி யாரிடமோ கத்திக்கொண்டிருந்தான். நடுவே வசந்தாமணியின் குரல் வந்தது. சிரிக்க வைக்கிற குரல் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் இன்னொன்றின் மேல் சாய்ந்து விழுந்தது.

"அக்கா... நீங்க குரூப்ல பேசுனதைக் கேட்டேனுங்க. சாகுல் அண்ணன் இதை உங்ககிட்ட எப்பச் சொன்னாரு? காலையிலயே தெரியுமுங்களா?"

மோகனா மகளைப் பார்த்தாள். ஆதிரை கண் இமைக்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல நேரம் இருந்தது. சொன்னால் அவள் நம்பியும் இருப்பாள்.

"தெரியும் கண்ணு. அவரு உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே தெரியும்."

வசந்தாமணியின் மூச்சு மட்டும் கேட்டது. நினைத்து நினைத்து, இழுத்து விடுகிற மூச்சு. அது ஒரு இடத்தில் நீண்டு, தேய்ந்து, நின்றது. பளீரென்று கன்னத்தில் அடிக்கிற சத்தம் கேட்டது. வசந்தா, வசந்தா என்று ஈஸ்வரமூர்த்தி அலறினான். மூச்சு திரும்ப வந்தது.

"அக்கா," என்றாள் வசந்தாமணி. இந்த முறை குரல் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. "போனை வெச்சிராதீங்க. இவரு அடிச்சதும் நீங்க தெரியும்னு சொன்னது ஞாபகம் வந்துச்சு பாருங்க, அப்பத்தான் தூக்கம் கலைஞ்சது. இவரு தட்டித் தட்டி எழுப்பறாரு, முழிப்பு நிக்க மாட்டேங்குது. கோபம் வந்தாத்தான் நிக்குது. சொல்லுங்க. எதுக்குச் செஞ்சீங்கன்னு சொல்லுங்க. ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொல்லுங்க."

மோகனா தரையில் உட்கார்ந்தாள். துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டித் துவைத்துப் பார்க்கிற வழக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். ஆதிரை எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூர் போகிற வழியில் அவர்கள் வண்டி இன்னும் கருமத்தம்பட்டியைக்கூடத் தாண்டவில்லை.